தமிழ் ஆய்வேட்டுக்கு ஸ்டைலும் செக்‌ஷனும்: எந்த அமைப்பு எங்கே தங்குகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடு, ஏறத்தாழ 250 பக்கம், வேர்டில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும், முதல் இயலிலிருந்து 1, 2, 3 என்றும் பக்க எண் வேண்டும். இரண்டு பெரிய அட்டவணைகள் படுக்கைவாட்டுத் தாளில் வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அந்த இயலின் பெயர் இருக்க வேண்டும். ஓரிடத்தில் கை வைத்தால் வேறோரிடம் கலைகிறது, ஒரு பத்தியை மாற்றினால் எல்லாப் பத்தியும் மாறுகிறது. ஆவணத்தைச் செக்‌ஷன்களாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கும் ஒரு பிரேக்கை அழித்ததும் அதற்கு மேலிருந்த இயல் முழுவதும் படுக்கைவாட்டில் திரும்பிவிட்டது. லிப்ரெஆபிஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினால் இதெல்லாம் தீருமா என்று கேட்கிறீர்கள்.

மாறுவது உங்கள் விருப்பம். ஆனால் அங்கே போனாலும் இதே தொல்லை வேறு உருவில் வரும். வேர்டு தன்னிஷ்டத்துக்கு எதையும் கலைப்பதில்லை. ஒவ்வொரு அமைப்பும் ஆவணத்தில் ஓர் இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் எது என்று தெரிந்துகொண்டால் நீங்கள் சொன்ன அத்தனை சிக்கல்களுக்கும் காரணம் புரிந்துவிடும்.

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் குறிகள் தெரியும். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஒரு பத்திக்குறி இருக்கும். செக்‌ஷன் மாறும் இடத்தில் இரட்டைப் புள்ளிக்கோடு இருக்கும். ஆய்வேட்டு வேலை முடியும் வரை இவற்றை மறைக்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்துரு, அளவு, தடிப்பு ஆகியவை எழுத்துகளோடு தங்குகின்றன. உள்தள்ளல், வரி இடைவெளி, பத்திக்கு முன்னும் பின்னும் விடும் இடம் எல்லாம் அந்தப் பத்திக்குறியில் தங்குகின்றன. ஒரு பத்திக்குறியை அழித்து இரண்டு பத்திகளை இணைத்தால் அவற்றில் ஒன்றின் அமைப்பு காணாமல் போவது இதனால்தான். தாளின் அளவு, திசை, மார்ஜின், பத்திகளை எத்தனை நெடுவரிசையாகப் பிரிப்பது, பக்கத்தின் மேலே வரும் ஹெட்டர், கீழே வரும் ஃபூட்டர், பக்க எண் எந்த வடிவில் எங்கிருந்து தொடங்குவது ஆகியவை செக்‌ஷன் பிரேக்கில் தங்குகின்றன. இவற்றுக்கு அப்பால் ஆவணத்துக்கே பொதுவாக ஒரு ஸ்டைல் பட்டியல் இருக்கிறது. ஸ்டைல் என்பது எழுத்துரு, அளவு, இடைவெளி போன்றவற்றை ஒரே பெயரில் தொகுத்து வைத்த அமைப்பு.

சந்தேகம் இருந்தால் கோப்பின் ஒரு நகலை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எழுதிய உரைக்கு ஒரு கோப்பும் ஸ்டைல்களுக்கு வேறொரு கோப்பும் தனித்தனியாக இருக்கும். ஸ்டைல் கொடுத்த பத்தியில் அந்த ஸ்டைலின் பெயர் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். கையால் அழகுபடுத்திய பத்தியிலோ எழுத்துரு, அளவு, நிறம், இடைவெளி என்று ஒவ்வொன்றும் அந்தப் பத்திக்குள்ளேயே திணிக்கப்பட்டிருக்கும். அப்படி இருநூறு பத்திகள் இருந்தால் இருநூறு இடங்களில் திருத்த வேண்டும். ஸ்டைல் என்ற ஏற்பாடு நேற்று வந்ததும் அல்ல. 1983இல் டாஸ் கணினிக்கு வெளிவந்த முதல் வேர்டிலேயே அது இருந்தது.

இப்போது படுக்கைவாட்டில் திரும்பிய இயலுக்கு வருவோம். செக்‌ஷன் பிரேக் தனக்கு மேலே உள்ள பகுதியின் அமைப்பைத்தான் சுமக்கிறது. பெரும்பாலோர் அதைக் கீழே வரப்போகும் பகுதியின் தொடக்கம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உங்கள் ஆவணத்தில் அட்டவணைக்கு முன்னால் ஒரு பிரேக், பின்னால் ஒரு பிரேக். முன்னாலுள்ளது இயலின் நெடுக்குவாட்டு அமைப்பை வைத்திருந்தது. பின்னாலுள்ளது அட்டவணையின் படுக்கைவாட்டு அமைப்பை வைத்திருந்தது. முதல் பிரேக்கை அழித்ததும் இயலின் உரைக்கு இருந்த அமைப்பு அதோடு போய்விட்டது. உரை கீழே உள்ள அடுத்த பிரேக்கோடு ஒட்டிக்கொண்டது. அது படுக்கைவாட்டு, ஆகவே எல்லாம் படுத்துவிட்டது. உடனே கவனித்தால் கன்ட்ரோல் இசட் போதும். நாள் கடந்திருந்தால் அழித்த இடத்தில் மறுபடியும் 'லேஅவுட்' மெனுவில் 'பிரேக்ஸ்' போய், அடுத்த பக்கத்தில் தொடங்கும் செக்‌ஷன் பிரேக்கைச் செருகுங்கள். பிறகு மேல் பகுதியில் கர்சரை வைத்து திசையை நெடுக்குவாட்டுக்கு மாற்றுங்கள். ஹெட்டரையும் பக்க எண்ணையும் அங்கே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஆவணத்தின் கடைசிச் செக்‌ஷனுக்குப் பிரேக் கண்ணுக்குத் தெரியாது. அதன் அமைப்பு ஆவணத்தின் இறுதிப் பத்திக்குறியோடு சேர்ந்திருப்பதாகக் கொள்ளுங்கள். தனித்தனிக் கோப்பில் எழுதிய இயல்களை ஒன்றாக ஒட்டும்போது மார்ஜின் குழம்பாமல் இருக்க, அந்தக் கடைசிப் பத்திக்குறியை விட்டுவிட்டு மற்றதை நகலெடுங்கள்.

அடுத்தது, உங்களுக்கு எத்தனை செக்‌ஷன் தேவை என்பது. நீங்கள் ஒவ்வோர் இயலுக்கும் ஒன்று வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இயலின் பெயரை ஹெட்டரில் கொண்டுவர எல்லோரும் செய்வது அதுதான். தேவையே இல்லை. முன்பக்கங்கள் ஒன்று, முதல் அட்டவணை வரையிலான உரை ஒன்று, அந்த அட்டவணை ஒன்று, இரண்டாம் அட்டவணை வரை ஒன்று, அந்த அட்டவணை ஒன்று, மீதி எல்லாம் ஒன்று. ஆக 6 செக்‌ஷன், 5 பிரேக். இதற்கு மேல் ஒன்றுகூட வைக்காதீர்கள். செக்‌ஷன் கூடும்போதெல்லாம் ஹெட்டரும் ஃபூட்டரும் பிரியும் இடம் ஒன்று கூடுகிறது, பிழை நுழையும் வாசலும் ஒன்று கூடுகிறது.

இயல் புதிய பக்கத்தில் தொடங்குவதற்கு எந்தப் பிரேக்கும் வேண்டாம். 'ஹெடிங் 1' ஸ்டைலை வலது சொடுக்கி 'மாடிஃபை' போய், பத்தி அமைப்பில் 'பேஜ் பிரேக் பிஃபோர்' என்பதை டிக் செய்யுங்கள். இயல் தலைப்பு எங்கே வந்தாலும் புதிய பக்கத்தில் வந்து நிற்கும். அங்கேயே 'கீப் வித் நெக்ஸ்ட்' என்பதும் இருக்கும். தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாகத் தொங்காமல் அடுத்த பத்தியோடு நகர்வதற்கு அது. தலைப்பு ஸ்டைல்களில் பெரும்பாலும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும்.

ஹெட்டரில் இயலின் பெயருக்கு 'ஸ்டைல்ரெஃப்' என்ற ஃபீல்டை, அதாவது வேர்டு தானே நிரப்பிக்கொள்ளும் இடத்தை, பயன்படுத்துங்கள். 'இன்செர்ட்' மெனுவில் 'குவிக் பார்ட்ஸ்', அதில் 'ஃபீல்டு', பட்டியலில் 'ஸ்டைல்ரெஃப்', அதற்கு 'ஹெடிங் 1' என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பக்கத்துக்குரிய இயல் தலைப்பை வேர்டே எடுத்து ஹெட்டரில் போடும். தலைப்பைத் திருத்தினால் ஹெட்டரும் திருந்தும். ஆய்வேடு எழுதுகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் காட்டித்தர விரும்புவது இந்த ஒன்றைத்தான். இது தெரியாததால் எத்தனையோ பேர் இயலுக்கொரு செக்‌ஷன் வைத்து, கடைசி வாரத்தில் ஹெட்டரோடு போராடுகிறார்கள்.

பக்க எண்ணுக்கு ஒரு வரிசை உண்டு. முன்பக்கங்கள் முடியும் இடத்தில் செக்‌ஷன் பிரேக்கைப் போட்டதும், இரண்டாம் செக்‌ஷனின் ஃபூட்டருக்குள் போய் முதலில் 'லிங்க் டு பிரீவியஸ்' என்பதை அணையுங்கள். அது ஒளிர்ந்துகொண்டிருக்கும் வரை இங்கே எழுதுவது அங்கேயும் எழுதப்படும். ஹெட்டருக்கும் ஃபூட்டருக்கும் இந்த இணைப்பு தனித்தனி. முதல் பக்கத்துக்கு வேறு ஹெட்டர் வைத்திருந்தால் அதற்கும் தனி. ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மறப்பதால்தான் "எல்லாம் சரியாகச் செய்தேன், ஆனாலும் மாறுகிறது" என்ற நிலை வருகிறது. அதன்பின் 'ஃபார்மட் பேஜ் நம்பர்ஸ்' போய் முதல் செக்‌ஷனுக்கு ரோமன் வடிவமும், இரண்டாவதற்கு சாதாரண எண் வடிவமும் 1லிருந்து தொடக்கமும் கொடுங்கள். அதற்குப் பின் வரும் நான்குக்கும் 'கன்டின்யூ ஃப்ரம் பிரீவியஸ் செக்‌ஷன்' என்றே இருக்கட்டும். அவற்றின் ஹெட்டர், ஃபூட்டர் இணைப்பையும் அணைக்காமல் விடுங்கள். பக்க எண்ணை நடுவில் வைத்தால் படுக்கைவாட்டுத் தாளிலும் தானாக நடுவில் வரும். டேப் தட்டித் தட்டி வலது ஓரத்துக்குத் தள்ளியிருந்தால் அகலமான தாளில் பாதி வழியில் நின்றுவிடும். அட்டைப் பக்கத்தில் எண் தெரியக்கூடாது என்றால் முதல் செக்‌ஷனில் 'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' போதும், அதற்கென்று இன்னொரு செக்‌ஷன் தேவையில்லை.

இனி ஸ்டைல். ஒரு பத்தி எப்படித் தெரிகிறது என்பதை வைத்துப் பெயர் வைக்காமல், அது என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துப் பெயர் வையுங்கள். 'தடித்த 14' என்று பெயர் வைத்தால் நெறியாளர் 13 போதும் என்று சொன்ன அன்றே அந்தப் பெயர் பொய்யாகிவிடும். தமிழ் ஆய்வேட்டுக்கு எனக்குத் தோன்றும் பட்டியல் இது: உரைப்பத்தி, உரைநடை மேற்கோள், செய்யுள் மேற்கோள், அட்டவணை எழுத்து, துணைநூல் வரி. தலைப்புகளுக்குப் புதிதாக எதுவும் உருவாக்காமல் வேர்டில் இருக்கும் ஹெடிங் 1, 2, 3 ஆகியவற்றையே மாற்றிக்கொள்ளுங்கள். பொருளடக்கம், இடப்பக்கத்தில் தெரியும் நேவிகேஷன் பேன், ஸ்டைல்ரெஃப், பிடிஎஃப் புக்மார்க் எல்லாமே எந்தச் சிரமமும் இல்லாமல் அவற்றைத்தான் தேடி வரும்.

'நார்மல்' ஸ்டைலைத் தொடாதீர்கள். மற்ற ஸ்டைல்களில் பெரும்பாலானவை அதை அடிப்படையாகக் கொண்டவை. உரைக்கு ஒன்றரை வரி இடைவெளி வேண்டுமென்று நார்மலில் கொடுத்தால் அட்டவணைகளும் சேர்ந்து விரிந்துவிடும். உரைப்பத்திக்குத் தனி ஸ்டைல் வைத்து அதில் மட்டும் கொடுங்கள். "ஒரு பத்தியை மாற்றினால் எல்லாப் பத்தியும் மாறுகிறது" என்று நீங்கள் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். ஸ்டைலை மாற்றும் பெட்டியின் அடியில் 'ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்' என்றொரு டிக் உண்டு. அது போட்டிருந்தால் ஒரு பத்தியில் கையால் செய்யும் மாற்றம் அந்த ஸ்டைலுக்கே போய்ச் சேரும். உங்கள் ஸ்டைல் ஒவ்வொன்றிலும் பார்த்து அதை எடுத்துவிடுங்கள்.

தமிழுக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் பெரும்பாலும் இவை வராது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேர்டு ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் லத்தீன் எழுத்துக்கு ஓர் எழுத்துருவும் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' எனப்படும் எழுத்துகளுக்கு வேறோர் எழுத்துருவும் வைத்திருக்கிறது. அளவும் தடிப்பும்கூடத் தனித்தனி. தமிழ் இரண்டாவது வகையில் சேரும். ஸ்டைலில் 14 என்று மாற்றியும் தமிழ் தலைப்பு அசையவில்லை, நடுவிலிருந்த ஆங்கிலச் சொல் மட்டும் பெரிதானது என்றால் நீங்கள் லத்தீன் பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். ஆபிஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தபின், ஸ்டைலின் 'ஃபான்ட்' பெட்டியில் இரண்டு பகுதிகளும் தெரியும். இரண்டையும் நிரப்புங்கள். இது தொல்லைபோலத் தோன்றினாலும் உண்மையில் நமக்கு வசதி. ஒரே எண் அளவில் தமிழும் ஆங்கிலமும் பல எழுத்துருச் சேர்க்கைகளில் ஒத்துப்போவதில்லை. தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் 11, ஆங்கிலத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன் 12 என்று ஒரே ஸ்டைலுக்குள் கொடுத்துவிட்டால், வரிக்கு வரி ஆங்கிலச் சொல்லைத் தேடிப்பிடித்து அளவு மாற்றும் வேலை இல்லாமல் போகும். அந்த அளவு எண்களை மட்டும் பக்கத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வரி இடைவெளிக்கு 'எக்ஸாக்ட்லி' என்பதைத் தவிருங்கள். இகர ஈகாரக் கொக்கிகள் மேலே ஏறுகின்றன, உகர ஊகாரச் சுழிகள் கீழே இறங்குகின்றன. இடைவெளியை இறுக்கிக் கட்டினால் இவற்றின் நுனி வெட்டுப்படும். 'மல்டிபிள்' கொடுத்து 1.3 அல்லது 1.5 என்று வையுங்கள். ஓர் ஆவணத்தில் இரண்டு தமிழ் எழுத்துருக்களைக் கலந்தால் வரிகள் ஏறியிறங்கித் தெரிவதும் உயர அளவுகள் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடுவதால்தான்.

செய்யுள் மேற்கோளுக்குத் தனி ஸ்டைல் வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. உரைப்பத்திக்கு இருபுறமும் சமமாக ஓரம் வெட்டும் 'ஜஸ்டிஃபை' கொடுத்திருப்பீர்கள். அதே ஸ்டைலில் ஒரு குறளைத் தட்டச்சு செய்து, முதலடியின் முடிவில் ஷிஃப்ட் என்டர் அடித்தால், அந்த நான்கு சீரும் தாளின் அகலத்துக்கு இழுபட்டு நிற்கும். இரண்டாமடியின் மூன்று சீரும் இயல்பாக இருக்கும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். செய்யுள் ஸ்டைலுக்கு இடப்பக்க ஒழுங்கு, இடப்பக்கத்தில் கூடுதல் உள்தள்ளல், பத்தி இரண்டு பக்கங்களுக்குப் பிளவுபடாதிருக்க 'கீப் லைன்ஸ் டுகெதர்' கொடுங்கள். குறள் ஒரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் தலையிலுமாக உடைந்து கிடக்காது.

பழைய எழுத்துருவில் எழுதிய பகுதிகள் ஏதேனும் இருந்தால் ஸ்டைல் வேலையைத் தொடங்கும் முன்பே அதைக் கவனியுங்கள். இலங்கையில் பாமினி, தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் என்று, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதிய கட்டுரைகள் இன்றும் கைமாறுகின்றன. பாமினியில் திரையில் நீங்கள் பார்க்கும் 'அ' கோப்புக்குள் ஆங்கிலச் சிறிய 'எம்' ஆகத்தான் இருக்கிறது. எழுத்துரு மட்டும்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. அந்தப் பத்தியின் எழுத்துருவைக் களைந்தால் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. நீங்களும் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஸ்டைல் கொடுங்கள். மாற்றும்போது வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்துத் தேடினால் பாமினிப் பகுதிகள் மட்டும் அகப்படும். அவற்றை மட்டும், பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போடுங்கள். முழுப் பக்கத்தையும் ஒரேயடியாகப் போட்டால் உண்மையான ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழெழுத்தாகிவிடும்.

ஏற்கெனவே கையால் அமைத்துவிட்ட 250 பக்கங்களை என்ன செய்வது? மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். நகல் ஒன்றில் வேலை செய்யுங்கள். ஒரு துணைத்தலைப்பில் கர்சரை வைத்து 'ஹோம்' மெனுவின் வலக்கோடியில் 'செலக்ட்', அதில் 'சிலெக்ட் டெக்ஸ்ட் வித் சிமிலர் ஃபார்மட்டிங்' என்பதைச் சொடுக்குங்கள். அதே மாதிரி அமைத்த எல்லாத் துணைத்தலைப்புகளும் ஒன்றாகத் தெரிவாகும். 'ஹெடிங் 2' கொடுங்கள். இப்படியே உரைப்பத்திக்கும் மேற்கோளுக்கும் செய்யுங்கள். பத்திகளில் மிச்சமிருக்கும் கைவேலை உள்தள்ளலைக் களைய அவற்றைத் தெரிவு செய்து கன்ட்ரோல் க்யூ அடிக்கலாம், அது எழுத்தின் தடிப்பையும் சாய்வையும் தொடாது. கன்ட்ரோல் ஸ்பேஸை ஆவணம் முழுவதற்கும் அடித்துவிடாதீர்கள். நூற்பெயர்களுக்குக் கொடுத்த சாய்வெழுத்து போகும், அடிக்குறிப்பு எண்கள் மேலே ஏறி நிற்பதும் போய்விடும். அடுத்து, இடைவெளிக்காக அடித்து வைத்த வெற்றுப் பத்திகளைத் தேடி நீக்குங்கள். ஸ்டைலிலேயே பத்திக்கு முன்பின் இடம் கொடுத்த பிறகு அவற்றுக்கு வேலை இல்லை.

லிப்ரெஆபிஸ் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அதில் வேர்டுக்கு இணையான செயலியின் பெயர் ரைட்டர். ரைட்டரில் செக்‌ஷன் என்ற பெயருக்கே வேறு பொருள். அங்கே அது பக்கத்துக்குள் இருக்கும் ஒரு பகுதி. பிற்சேர்க்கையில் கலைச்சொல் பட்டியலை இரண்டு நெடுவரிசையாக அமைக்க, ஒரு பகுதியைத் திருத்த முடியாமல் பூட்ட, வேறொரு கோப்பின் உரையை இணைத்துக் காட்ட அது பயன்படும். தாளின் திசை, மார்ஜின், ஹெட்டர், பக்க எண் வடிவம் எல்லாம் 'பேஜ் ஸ்டைல்' வசம். எஃப் 11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் திறக்கும், அதிலேயே பேஜ் ஸ்டைல்களும் இருக்கும். முன்பக்கம், உரை, படுக்கைவாட்டு என்று மூன்று பேஜ் ஸ்டைல் வைத்தால் உங்கள் ஆய்வேடு முடிந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற, பக்கப் பிரேக் செருகும்போது அடுத்து வரும் பேஜ் ஸ்டைலின் பெயரையும், தேவையானால் தொடக்க எண்ணையும் அந்தப் பெட்டியிலேயே கொடுக்கலாம். இரண்டு அட்டவணைகளுக்கும் ஒரே 'படுக்கைவாட்டு' போதும், மார்ஜினை மாற்றினால் இரண்டிலும் மாறும். இந்த ஏற்பாடு வேர்டைவிடத் தெளிவானது என்பது என் கருத்து. அங்கே பக்கத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது, வேர்டில் செக்‌ஷன்களுக்குப் பெயரே கிடையாது. அத்தியாயத் தலைப்பை ஹெட்டரில் காட்டும் ஃபீல்டு ரைட்டரிலும் உண்டு. தமிழ் எழுத்துருவுக்குத் தனி இடம் தெரிய, மொழி அமைப்புகளில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை இயக்கியிருக்க வேண்டும்.

ஆனாலும் இப்போது மாறாதீர்கள். உங்கள் நெறியாளர் வேர்டில் திருத்தம் குறித்து அனுப்புகிறார் என்றால் கோப்பு இரண்டுக்கும் நடுவே போய்வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் வேர்டின் செக்‌ஷன்கள் பேஜ் ஸ்டைல்களாகவும், பேஜ் ஸ்டைல்கள் செக்‌ஷன்களாகவும் மொழிபெயர்க்கப்படும். 'கன்வெர்டட்' என்று தொடங்கும் பேஜ் ஸ்டைல்கள் பட்டியலில் குவிவதை அங்கே காண்பீர்கள். அடுத்த நூலை முதலிலிருந்தே ரைட்டரில் தொடங்குங்கள், அது நல்ல முடிவாக இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் கன்ட்ரோல் ஏ, பிறகு எஃப் 9 அடித்துப் பொருளடக்கத்தையும் மற்ற ஃபீல்டுகளையும் புதுப்பியுங்கள். அச்சகத்துக்கு டாக்எக்ஸ் கொடுக்காதீர்கள். அவர்கள் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், பக்கங்கள் நகரும். பிடிஎஃப் ஆக்கும்போது 'ஆப்ஷன்ஸ்' பெட்டியில் தலைப்புகளைக் கொண்டு புக்மார்க் உருவாக்கும் டிக்கையும், அணுகல்தன்மைக்கான டேக் டிக்கையும் போட்டுவிடுங்கள். பார்வையற்ற மாணவர் ஒருவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் உங்கள் ஆய்வேட்டைத் திறந்தால், ஹெச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவிப் போக முடியும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி மட்டும் வைத்த தலைப்பில் அந்த விசை நிற்காது.